சாய்ந்த வரிசை

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு நுண்நோக்கி இருக்கிறது. அதன் கூரிய ஊசி உலோகப் பரப்பின் மேல் நகர்ந்து, அங்கே கிடக்கும் மூலக்கூறுகளைப் படமாக்கும். அதை ஆளில்லாமல் ஓட்ட நான் ஒரு புரோகிராம் எழுதினேன். வரிசை நேராக உள்ள படங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துத் தனியே போட அதைப் பழக்கியிருந்தேன்.

ஊசிகளைத் தயார் செய்யும் ஜெசிந்தா, புதுவயல்காரர், புரோகிராம் கழித்த படங்களை ஒரு நாள் திறந்து காட்டினார்.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி சாய்வா வருது சார். ஒருக்கா பாருங்களேன்."

"ஊசி மழுங்கியிருக்கும்."

"காலையிலதான் புது ஊசி போட்டேன். பாக்காமலே சொல்றீகளே."

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டுக்குப் போனதும் அந்தப் படங்கள் அத்தனையையும் அழித்தேன்.

அடுத்த மாதம், அந்த மூலக்கூறைத் தயாரித்து அனுப்பிய மதுரை வேதியியலாளர் போன் செய்தார். அனுப்பிய சிறு குப்பி அதற்குள் தீர்ந்திருந்தது.

"சாய்ஞ்ச வரிசை எதுவும் தெரிஞ்சுச்சா சார்? அப்படிப் படுக்கும்னு நம்பித்தான் மூணு வருஷமா இதைச் செஞ்சேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா என் முகத்தையே பார்த்தார். அழித்துவிட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"இல்ல சார், அப்படி எதுவும் வரல" என்றேன்.

மதுரைக்காரர், "சரிங்க சார், அப்ப இதை விட்டுடுறேன்" என்றார். விட்டும்விட்டார்.

இப்போது கழித்த படங்களை நானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். ஜெசிந்தா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. "ஊசி மாட்டிட்டேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமலே போய்விடுகிறார்.