குட்டியை மாட்டும் கொக்கி

கொக்கியை உதட்டில் வைத்து இழுத்துப் பார்க்கிறார் அழகுமலை. பிசிறு இருந்தால் உதடு சொல்லிவிடும், விரல் சொல்லாது. வளைகுடா நாட்டு முசஃபாவில் பத்தொன்பது வருடமாக ஏசி காற்று போகும் டக்டுக்குத் தகடு வெட்டி மடக்கிக் காய்த்துப்போன விரல்கள்.

அவர் செய்த பெரிய ரிமோட் விமானத்தின் வயிற்றில் தொங்குவது அந்தக் கொக்கி. டக்டில் ஒட்டியதுபோக மிஞ்சிய ஃபோமில் அறுத்த, ஆள் நீள இறக்கை. அதன் அடியில் புறா அளவில் இன்னொரு விமானம். பெரிசு, குட்டி என்பதற்கு மேல் பெயர் வைக்கவில்லை. எல்லாம் தொழிலாளர் கேம்பில் ஒருநாள் மொபைலில் பார்த்த பழைய படத்தால் வந்தது. குண்டுவீச்சு விமானம் ஒன்று குட்டிப் போர்விமானத்தை வயிற்றில் சுமந்துபோய் நடுவானில் அவிழ்த்துவிட்டது. திரும்பிவந்து கொக்கியில் மாட்டத்தான் குட்டி படாதபாடு பட்டது.

"பெரிசோட வயித்தடிக் காத்தே குட்டியத் தள்ளிவிட்டுரும்யா" என்று விளக்குவார்.

நாம் மாட்டிக் காட்டுவோம் என்று அன்றைக்கே சொன்னவர் பக்கத்துக் கட்டில் வாசு. உறவில்லை என்றாலும் மாமன் மச்சான் முறைதான். பெரிசை இவர் ஓட்ட, குட்டியை அவர் ஓட்ட, ஒன்பது வருடம் போயிற்று. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுகை முடிந்து அதே அறையிலிருக்கும் சாகிர் வண்டி எடுப்பார். பாலைவனத்துக் கிளப் மைதானத்தில் பிரியாணிப் பொட்டலம் பிரியும். தோற்றுத் திரும்பும் வழியெல்லாம் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். பிறகு லீவு ஞாயிறுக்குப் போனது. சாகிரின் கேலி மட்டும் அப்படியே இருந்தது.

"அவுத்துவிடத்தான் தெரியுது அழகுண்ணே. புடிச்சுக் கட்டத் தெரியலையே."

இந்த ஞாயிறுதான் கடைசி. வாசுவின் விசாவைக் கம்பெனி கேன்சல் செய்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனால் திரும்ப மாட்டார். அதற்குள் ஒருமுறையாவது மாட்டிவிட வேண்டும்.

முதல் தடவை குட்டி ஒரு முழம் விலகிப் போனது. அடுத்த தடவை உரசிவிட்டு விலகியது. அழகுமலை நூல் பிடித்ததுபோல் பெரிசை நேராக ஓட்டினார்.

"அவசரப்படாத மாப்ள. கீழேருந்து ஏறி வா."

"பேட்டரி மாஃபி மாமா, தீந்துருச்சு. இதான் கடைசி."

கொக்கி குட்டியின் முதுகிலிருந்த வளையத்துக்குள் நுழைந்தது. ஒரு மூச்சு நேரம் இரண்டும் ஒன்றாகவே பறந்தன. பிறகு குட்டி நழுவி, மோட்டார் அடங்கி, மணல்மேடுகளுக்கு அப்பால் எங்கோ இறங்கியது.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வாசு தேடிக் கிளம்பினார். நாலா பக்கமும் ஒரே மாதிரி மணல்.

பெரிசைத் தரையிறக்கச் சொன்னார் சாகிர். அழகுமலை காதில் வாங்கவில்லை. குட்டி விழுந்த இடத்துக்கு நேர்மேலே அதை வட்டமடிக்க விட்டார். வாசு அதை அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார்.