ஜெயகிருஷ்ணன் வீட்டில் போர்ட் ஒயின்

சிட்லபாக்கத்தில் ஜெயகிருஷ்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும், கப்பலில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்பார்கள். அதில் கப்பல் மட்டும்தான் நிஜம். இருபத்தெட்டு வருஷம் அவர் பார்த்தது, சுற்றுலாக் கப்பலின் சாப்பாட்டு ஹாலில் ஒயின் பரிமாறும் வேலை. லேசுப்பட்ட வேலை இல்லை அது. எந்த மீனுக்கு எந்த ஒயின் என்று கோடீஸ்வரர்களே இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போர்ச்சுகலுக்கு அனுப்பிப் படிக்க வைத்து கம்பெனி கொடுத்த சான்றிதழ் வேறு இருந்தது, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில்.

பெண் பார்க்கப் போனபோது "கப்பல்ல வேலை" என்றுதான் அவர் சொன்னார். ஆபீசர் என்று பெண் வீட்டார் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் விஷயம் தெரிந்த சுந்தரவல்லி ஒரு நாள் முழுக்க அழுதாள். "எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க." அவளைக் குறை சொல்ல முடியாது. ஒயின் என்றால் நம் ஊரில் கம்பி வலை போட்ட கடைதான் கண்முன்னே வரும். அன்றைக்கு வாயை மூடியவர்தான் ஜெயகிருஷ்ணன்.

ரிட்டையர் ஆகி வரும்போது இரண்டு பாட்டில் போர்ட் ஒயின் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு தடவை, சொந்த வீட்டில், நாலு பேர் முன்னால் தன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். 'நான் இதுதான்' என்று சொல்ல வேண்டும். காசு பணத்துக்குக்கூட அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை. சுந்தரவல்லி யோசித்துவிட்டுப் பாதிக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். "செய்யுங்க. ஆனா அண்ணன் கேட்டா, டூர் வந்தவங்களப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொல்லிடுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஊதுபத்தி கிடையாது, தாளிப்பும் கிடையாது. ஒயினின் வாசனை கெட்டுவிடுமாம். மத்தியானம் கடுகு கூடத் தாளிக்காத தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள் சுந்தரவல்லி.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு ஸ்ரீவித்யாவும் அவள் கணவன் சக்திவேலும் வந்தார்கள். செம்பாக்கத்திலிருந்து சுந்தரவல்லியின் அண்ணன் ராஜாராமன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். வாய் குறுகிய சின்னக் கிளாஸ்களில் ஆளுக்கு இரண்டு விரல்கடை ஊற்றினார் ஜெயகிருஷ்ணன்.

"இது போர்ட். போர்ச்சுகல்ல பண்ற இனிப்பு ஒயின். இருபது வருஷம் மரப் பீப்பாயில கிடந்தது" என்று அவர் ஆரம்பிப்பதற்குள், மூன்று பேரும் கிளாஸைத் தூக்கி, உதட்டில் படாமல், அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்கள். தண்ணீர் குடித்தே பழகிய கை, வேறு என்ன செய்யும்? கிளாஸின் வாய் குறுகலாக இருந்ததில் குறி தப்பி, ராஜாராமனின் சட்டையில் பாதி இறங்கிவிட்டது.

"இருமல் மருந்து மாதிரி கீதே சார்" என்றான் சக்திவேல்.

ஜெயகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. கப்பலில் இருந்திருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். இது அவர் வீடு. கைத்துண்டை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு மறுபடி ஊற்றினார்.

"எச்சில் பார்க்காதீங்க மச்சான். கிளாஸ் உங்களோடது, வேற யாரும் தொட மாட்டாங்க. குடிக்க வேணாம். முதல்ல மூக்க உள்ள விடுங்க."

ராஜாராமன் தாலுகா ஆபீசையே அதட்டி வைத்திருந்த மனிதர். யார் பேச்சையும் கேட்டு அறியாதவர், மூக்கை விட்டார். கண்ணை மூடினார். "பஞ்சாமிர்த டப்பாவத் தொறந்தா வருமே, அந்த வாசனை."

"அதேதான். இப்ப உதட்டுல வச்சு ஒரே ஒரு சொட்டு. முழுங்காம நாக்குல நிறுத்துங்க."

நிறுத்தினார். ஸ்ரீவித்யா முந்திரி என்றாள், சக்திவேல் ஆரஞ்சுத் தோல் என்றான். எல்லாம் சரிதான் என்று ஜெயகிருஷ்ணன் சொல்லச் சொல்ல, பரீட்சையில் பாஸானவர்கள் மாதிரி மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுக்களை வாசலில் பேரீச்சம்பழத் தட்டோடு சுந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"மாப்ளே," என்றார் ராஜாராமன், "ஆபீசர் வேலைக்கு நடுவுல இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

ஜெயகிருஷ்ணன் அடுக்களை வாசலைப் பார்த்தார். கொடுத்த வாக்கு வாக்குதான். "டூர் வந்தவங்களப் பார்த்து..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல அண்ணா" என்றாள் சுந்தரவல்லி. தட்டை மேஜையில் வைத்தாள். "அவரு ஆபீசர் இல்ல. கப்பல்ல ஒயின் பரிமாறுற வேலைதான். போர்ச்சுகல்ல படிச்சு, சர்டிபிகேட் வாங்கினவரு. நான்தான் சொல்லக் கூடாதுன்னு இத்தனை வருஷம் அவர் வாயக் கட்டிப்போட்டேன்."

ராஜாராமன் தங்கையையும் பார்த்தார், கிளாஸையும் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையிடம் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

"இருங்கண்ணா, முதல்ல எனக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் சுந்தரவல்லி. "இவர் வேலை செய்றத நான் ஒரு நாள் கூடப் பார்த்ததில்ல."

ஜெயகிருஷ்ணன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். மேஜையைச் சுற்றி அவளுடைய வலது பக்கம் வந்து, பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டு அவள் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்த்திப் பிடித்து, அப்படியே காத்து நின்றார்.

"என்ன? ஊத்துங்க."

"நீங்க சரின்னு சொன்னாத்தான் ஊத்தணும், மேடம்."

சுந்தரவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுத்துக்கூட்டி அந்தச் சீட்டைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"சரி" என்றாள்.