ஒத்தக்கடையிலிருந்து குன்றம் வரை, பஸ் ஏறாமல்

என் உடம்பில் சர்க்கரை குடிவந்து ஆறு வருடமாகியும், "நடங்க சார்" என்ற டாக்டரின் யோசனையை ஒரு நல்ல கருத்தாக மட்டுமே மதித்து வந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரே ஒரு நடைப்பயணம் அறிவித்து, என்னை மாட்டிவிட்டார். ஒத்தக்கடையிலிருந்து திருப்பரங்குன்றம். நடப்பவர் ஆளுக்கொரு புரவலரைப் பிடிக்க வேண்டும். முழுத் தூரமும் நடந்துவிட்டால், டாக்டரின் ஞாயிற்றுக்கிழமை இலவச வைத்தியத்துக்கு வரும் நோயாளி ஒருவருக்குப் புரவலர் ஒரு வருட இன்சுலின் தருவார்.

நான் பிடித்தது என் மச்சானை. மனைவியின் அண்ணன்; பரவையில் அரிசி மில்.

"தாரேன் மாப்ள. ஆனா நீங்க கோரிப்பாளையத்தத் தாண்ட மாட்டீங்க. நடுவுல பஸ்ல ஏறுனீங்க, ஒரு பாட்டில்கூடக் கிடையாது."

இன்சுலினுக்கு என் நடையை நம்பியிருந்தவள் சித்தாள் வேலை பார்த்த ஒரு பெண். என் தொந்தியைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள்: "இந்த அண்ணனா நடக்கப் போறாக? வேற ஆளு இல்லையா?"

நடப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நம் ஊர்க்காரர்கள் நடக்க விடுவதுதான் கஷ்டம். சைக்கிள்காரர்கள் கேரியரைத் தட்டிக் காட்டினார்கள். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் டவுன் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், "ஏறுங்கண்ணே, சில்லறை பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

"சர்க்கரை வியாதிக்காக நடக்கிறேன்."

"வியாதின்னா உக்காந்துல்ல வரணும்!"

வைகைப் பாலத்தில் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு போனதும் மரியாதை கூடிவிட்டது. குன்றத்து முருகனுக்கு வேண்டுதல் என்று நினைத்து ஓர் அம்மாள் என் காலில் தண்ணீர் ஊற்றினார். நான் மறுக்கவில்லை, கால் அப்படி எரிந்தது.

பழங்காநத்தத்தில் ஸ்கூட்டரோடு மச்சான்.

"மாப்ள, மூஞ்சி வெளுத்துப் போச்சு. பின்னால ஏறுங்க. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"இன்சுலின்?"

"அது வேற கத."

நடந்தேன். என்னை மசியவைக்க அவரும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தார். இரண்டு மைலில் மூன்று சோடா குடித்தார். மூன்று முறை மரத்தின் பின்னால் போய்வந்தார். சர்க்கரை வந்த புதிதில் நானும் அப்படித்தான் மரம் மரமாகத் திரிந்தேன்.

"மச்சான், ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?"

"நாலு. ஏன்?"

"ஞாயித்துக்கெழம மருந்த நீங்களே கொண்டாந்து குடுங்க. சொல்றேன்" என்றேன். கோயில் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிறன்று ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்கில் முதல் மாத இன்சுலினோடு வந்தார். சித்தாள் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். டாக்டர், நான் முன்பே காதில் போட்டிருந்தபடி, மச்சானிடம் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார்.

"நான் குடுக்க வந்த ஆளு சார்!"

"இதுலயும் கொஞ்சம் குடுங்க."

மச்சானின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்கியதும் நிறம் மாறிச் செங்கல் சிவப்பில் நின்றது. மச்சான் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அந்த நிறத்தை நன்றாக அறிந்தவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, எனக்கும் இதே கலருதான். பயப்படாதீக, ஊசி அம்புட்டு வலிக்காது."