பையில் தைத்த கனடா

வெள்ளவத்தை நாகேந்திரம் பதினெட்டு வருடமாக உல்லாசப் பயணிகளைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குகிறவர். தீவை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. ஆனால் உலகத்து மக்கள் அனைவரைப் பற்றியும் அவரிடம் தீர்ப்பு இருந்தது.

"ஜேர்மன்காரன் எட்டு மணியெண்டால் ஏழு அம்பத்தஞ்சுக்கே நிப்பான். இங்கிலீஷ்காரன் சாப்பாடு சரியில்லையெண்டாலும் தாங்ஸ் சொல்லிப்போட்டு, ஊருக்குப் போய்ப் பெட்டிசம் எழுதுவான். அமெரிக்கன் வந்து இறங்கினால் சத்தம் நாலு ஒழுங்கைக்குக் கேக்கும்."

நட்சத்திரத்தைக் கேட்டுப் பலன் சொல்லும் சாத்திரக்காரனைப் போல, நாட்டைக் கேட்டுக் குணம் சொல்லுவார். இரண்டுக்கும் ஆதாரம் ஒரே அளவுதான்.

"உங்களைப் பற்றி அவங்கள் என்ன சொல்லுறாங்களோ!" என்பாள் மனைவி பத்மாவதி.

சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டில் ஹெரல்டும் ஜூடியும் வந்தார்கள். ஓய்வு பெற்ற அமெரிக்க ஆசிரியர்கள். ஆனால் பைகளில் கனடாவின் சிவப்பு இலைக் கொடி தைத்திருந்தது. தங்கள் நாட்டாரின் சத்தத்துக்கும் திமிருக்கும் உலகமெங்கும் கெட்ட பெயராம்; பயணத்தில் கனடாக்காரராக இருப்பதே பத்திரமாம். ஹெரல்ட் இதைக் கிசுகிசுத்தார். குரலை உயர்த்தாதே, போன இடத்து வழக்கங்களில் தலையிடாதே என்று அவருடைய வழிகாட்டிப் புத்தகமும் சொல்லியிருந்தது.

நாகேந்திரத்துக்கு வயிறு எரிந்தது. இவர்களுக்குப் பிறந்த நாட்டை ஊசியும் நூலும் கொண்டு மறைத்துவிட முடிகிறது. சிங்களவரின் அடையாள அட்டையில் சிங்களம் மட்டும்; அவருடைய அட்டையிலோ அதற்குக் கீழே தமிழும் இருக்கிறது. காவலரணில் வேறு ஒன்றும் வாசிக்கத் தேவையில்லை.

அன்று கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் பொலிசார் வானை மறித்தார்கள். இன்ஸ்பெக்டர் அட்டையைப் பார்த்தார். வானுக்குள் எட்டிப் பார்த்தார். பையில் கண் நின்றது.

"கனடா! அங்கையிருந்துதானே புலிக்குச் சல்லி வருகுது?" என்றார் சிங்களத்தில்.

உலகமெங்கும் ஆளைக் காப்பாற்றுகிற கொடி, கொழும்பில் ஒரு தமிழனின் வானுக்குள் குற்றப்பத்திரிகையாகிவிட்டது.

"இல்லை மாத்தயா, இவர்கள் அமெரிக்கர்கள்."

கடவுச்சீட்டு அமெரிக்கா, பை கனடா. சந்தேகம் இரட்டித்தது. ஆனால் அது வெள்ளைத் தோலில் ஒட்டாமல் வழுக்கிவந்து சாரதியின் தலையில் விழுந்தது. பொலிஸ் நிலையத்தில் விருந்தாளிகளுக்கு நாற்காலியும் குளிர்ந்த சோடாவும். நாகேந்திரத்துக்குச் சிமெந்துத் தரை. கொழும்பில் குடியிருக்கத் தமிழன் எடுத்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரமோ வீட்டில் கிடந்தது. பிடித்தவர்களை ஏற்ற ஆறு மணிக்கு லொறி வரும். ஏற்றினால் எந்த முகாம், எத்தனை மாதம் என்று பெண்சாதிக்கும் சொல்லமாட்டார்கள்.

"சேர், கொஞ்சம் சத்தம் போடுங்கள். நீங்கள் அமெரிக்கன். கத்தினால் விடுவார்கள்," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

ஹெரல்டின் கண் கலங்கியது. நாகேந்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது உங்கள் நாட்டு நடைமுறை, நாகா. நாங்கள் அதை மதிக்க வேண்டும்."

இன்ஸ்பெக்டருக்குக் கைகூப்பி 'ஆயுபோவன்' என்று சிங்களத்தில் வணக்கம் சொல்லிவிட்டு, சப்பாத்துச் சத்தம்கூடக் கேளாமல் இருவரும் வெளியே போய் திறீவீலர் ஆட்டோவில் ஏறினார்கள். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு மரியாதை தெரிந்த அமெரிக்கரை நாகேந்திரம் கண்டதே இல்லை.

நல்லவேளை, ஹோட்டலுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். வரவேற்பு மேசையிலிருந்த பெண் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறாள். ஐந்தரைக்குப் பத்மாவதி பதிவுப் பத்திரத்தோடு வந்தாள். வாசலிலேயே தொடங்கிவிட்டாள், சிங்களத்தில், தெருவுக்கே கேட்க.

"எட்டு வருசமாப் பதிஞ்சுகொண்டுதானே இருக்கிறம்! ஊரிலையிருந்து மச்சாள் வந்தாலும் பதியிறம், போனாலும் பதியிறம். இனிப் பூனை குட்டி போட்டாலும் வந்து சொல்லவோ? இந்த மனுசனோ புலிக்கு ஆள்? கரப்பானைக் கண்டால் என்னைக் கூப்பிடுறவர்!"

முறைப்பாடு கொடுக்க வந்த சனம் சிரித்தது. ஒரு கொன்ஸ்தாபிள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பத்திரத்தை இன்ஸ்பெக்டர் மூன்று தரம் புரட்டினார். அவள் மூன்று தரமும் குரலை ஏற்றினாள்.

"நோனா, போதும்! ஆளைக் கூட்டிக்கொண்டு போ!"

வெளியே வந்ததும் நாகேந்திரம் கேட்டார். "இவ்வளவு சத்தம் உனக்குள்ளை எங்கையப்பா இருந்தது?"

"அதைப் பிறகு கதைப்பம். வானை எடுங்கோ, அவன் மனம் மாறமுந்தி."