கதவுக்கு உள்ளே நின்ற சின்னவள்

எங்கள் அண்ணிக்கு மிச்சம் மீதி என்றாலே ஆகாது. டப்பாவில் நாலு பிஸ்கட் கிடந்தால்கூட யார் தலையிலாவது கட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குத் 'துடைப்பம்' என்று பெயர். வைத்தவள் நான்தான். பள்ளிகளுக்கு மென்பொருள் எழுதும் அந்த இடத்தில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசை.

ஓஆர்எம் வேலை அவளுடையது. நிரலில் இருப்பதைத் தரவுத்தள அட்டவணைகளில் கொண்டுபோய் எழுதும் கருவி அது. அதில் 'ஆள்' என்று ஒரு தாய் வகுப்பு; பள்ளி வகுப்பல்ல, விதிகளை எழுதிவைக்கும் வார்ப்பு. ஆசிரியர், மாணவர் இரண்டும் அதன் பிள்ளைகள். தாயிடம் எழுதும் விதி பிள்ளைகளுக்கும் தானாக வந்துவிடும்.

"ஆளை நீக்கினா அவரோட பட்டியலும் போயிடணும்னு தாய்லயே எழுதிட்டேன். இனிமே ஒரு குப்பை தங்காது," என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மாணவருக்குப் பட்டியல் என்றால், பள்ளி விட்டதும் யார் யார் கூட்டிப்போகலாம் என்பது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கு இரண்டு என்று, பொதுவாக ஒன்றே வைத்தாள். என்ன சிக்கனமோ!

அவள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் எங்கள் மென்பொருள்தான்; அங்கே படிப்பு முடித்துப் போனவர்களை அன்று மதியம் நீக்கினாள். அதில் அவளுடைய பெரியவனும் உண்டு. "பாரு, என் பையனை என் கையாலயே வழியனுப்புறேன்," என்று சிரித்தாள்.

சாயங்காலம் அதே பள்ளியிலிருந்து அவன் தங்கை சின்னவளைக் கூட்டிவர நான் போனேன். தினமும் கிண்டலடிக்கும் வாசல் காவலர் அன்று திரையையே வெறித்தார்.

"உங்க பேர் இல்லம்மா."

"விளையாடாதீங்கண்ணே. அவ அம்மா பேரைப் பாருங்க."

"அதுவும் இல்ல. இந்தப் பிள்ளைக்கு யாருமே இல்லன்னு காட்டுதும்மா."

கம்பிக் கதவுக்கு உள்ளே, பையை மாட்டியபடி, சின்னவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளைப் போலவே, படிப்பு முடித்துப் போனவர்களின் தம்பி தங்கைகள் இன்னும் சிலரும் நின்றார்கள்.

போனில் சொன்னேன். அண்ணி விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ... பட்டியல் ஒண்ணுதானே! அவனோட சேர்ந்து இவளுதும் போயிடுச்சே!" என்றாள்.

அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். தலைமையாசிரியையே வந்து கதவைத் திறந்துவிட்டார். வாரி அணைக்கப் போன அண்ணியைப் பார்த்து, சின்னவள் ஓரடி பின்னால் போனாள்.

"எனக்கு யாருமே இல்லன்னு நீயாம்மா எழுதின?"

வாசல் திரையில் வருவதெல்லாம் உன் அம்மா எழுதியது என்று அவளிடம் பெருமையடித்த வாயாடி நான்தான். இல்லை என்று சொல்ல வாய் திறந்த அண்ணி, அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.