பிலோக்செனோஸ் வீட்டு நாற்காலிகள்

என் அக்காள் புருஷன் பிலோக்செனோஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் எனக்கு மூன்றுக்கு மேல் வராது. ஆலிவ் எண்ணெய்ச் செக்கில் நாற்பது வருஷம் உழைத்தார். குடிக்க மாட்டார். பொய் சொல்ல மாட்டார். அவ்வளவுதான். மீதியெல்லாம் விஷம்.

பேரை மட்டும் பாருங்கள். எங்கள் லெஸ்வோஸ் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், அந்தப் பேருக்கு விருந்தாளியை நேசிக்கிறவன் என்று அர்த்தம். மாதா கோயில் வருவதற்கும் முந்தி, பழைய சாமிகளைக் கும்பிட்ட காலத்திலேயே எங்கள் ஜனங்கள் ஆண்பிள்ளைக்கு வைத்த பேர். தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேரை வைப்பது எங்களிடம் மாறாத வழக்கம். அப்படித்தான் தாத்தாவின் பேர் இவருக்கு வந்தது. அந்தத் தாத்தா பேருக்கு ஏற்றபடியே வாழ்ந்து தொலைத்தார். கப்பலை விட்டு இறங்கியவனெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டான். ஆலிவ் மரங்களை ஒவ்வொன்றாக விற்றுப் பந்தி போட்டார். பேரனுக்குப் பேர் கிடைத்தது, மரம் கிடைக்கவில்லை. அடுத்தவன் கைக்குப் போன அந்த மரங்களின் காயைத்தான் இவர் ஆயுசு முழுக்க ஆட்டினார்.

அதனால் கதவைச் சாத்தினார். ஒரு ஆள் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. காப்பிக் கடையில் சும்மா இருப்பார்களா?

"என்ன பிலோக்செனோஸ், இன்னிக்கு உங்க வீட்லதானே சாப்பாடு?"

"வாடா. கொல்லையில நாய்த்தட்டு சும்மாத்தான் கெடக்கு."

நானே போனாலும் வாசலோடு சரி. ஒருநாள் வெயிலில் ஏறிப்போய், "மச்சான், ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றேன். "ஊத்து தெருமுனையில இருக்கு கொழுந்தியா. நல்லாத்தான் ஓடுது" என்றார் அந்த மனுஷர்.

அக்காள் எப்தாலியா பத்தொன்பது வருஷம் பொறுத்தாள். ஒரு மழைநாளில், தொப்பலாக நனைந்து வந்த தபால்காரரை அடுப்படியில் உட்காரவைத்தாள். பிலோக்செனோஸ் அந்தக் கிழவனை எழுப்பி, உட்கார்ந்திருந்த நாற்காலியை மழையில் தூக்கி எறிந்தார். மறுவாரம் அக்காள் கப்பலேறி ஏதென்ஸ் போய்விட்டாள். அங்கே ஏதோ ஒரு வாடகை அறையில் தனியாகச் செத்தாள். அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை.

அக்காள் மகன் ஸ்ட்ராத்திக்கு உள்ளூரிலேயே கல்யாணமாகி, முதல் பிள்ளை ஆணாகப் பிறந்தது. என்னிடம் வந்தான்.

"சித்தி, நீதான் ஞானத்தாயா நிக்கணும். பேரு... அப்பா பேருதான்."

"உங்கம்மாவ ஊரைவிட்டுத் தொரத்தின பேரா?"

"வழக்கம் சித்தி. வைக்கலன்னா உசுரோட இருக்கறவருக்குக் குழி தோண்டின மாதிரி."

எனக்குத் தெரியாதா? ஞானஸ்நானத்தில் பாதிரியார் கேட்கும்போது பேரைச் சொல்வது ஞானத்தாய். தண்ணீரில் முக்கிய பிறகு மாற்ற முடியாது. அதோடு எங்கள் ஊரில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் எந்த வாசல்படி ஏறுகிறாளோ அங்கேதான் விருந்து. நிற்கிறேன் என்றேன். பேரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் காலையில் பிலோக்செனோஸே என் வாசலில் வந்து நின்றார்.

"கொழுந்தியா, பேரச் சொல்லிடுவேல்ல?"

"சொன்னா என்ன குடுப்பீங்க? தண்ணியா?"

"ஆடு அறுத்தாச்சு. காப்பிக் கடையில கேட்டு முப்பது நாற்காலி கொண்டாந்து போட்டிருக்கேன். ஊரே வரட்டும்."

"இத்தன வருஷமா எங்க போச்சு மச்சான் இந்த நாற்காலியெல்லாம்?"

"சண்டைக்கு வரல. அந்தப் பேரு என்னோட போயிடக் கூடாது. அவ்ளோதான்."

கதவைச் சாத்தினேன். ஆமாம், தண்ணீர் கொடுக்கவில்லை.

மறுநாள் கோயிலில் எண்ணெய் பூசிய பிள்ளை என் கையில் வழுக்கியது. முன்வரிசையில் அவர், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு. பாதிரியார் பேரைக் கேட்டார். மழையில் கிடந்த நாற்காலி என் கண்ணுக்குள் வந்தது.

"அப்போஸ்தோலிஸ்" என்றேன். ஸ்ட்ராத்தி பெண்டாட்டியின் அப்பா பேர் அது.

"சித்தி!" என்று ஸ்ட்ராத்தி கத்தினான். அதற்குள் பிள்ளையைத் தண்ணீரில் முக்கியாகிவிட்டது. பிலோக்செனோஸ் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

பிள்ளையோடு நான் முன்னே நடக்க, ஊர் பின்னால் வந்தது. வழியில் பிலோக்செனோஸ் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. முற்றத்தில் இரண்டு வரிசையாக நாற்காலிகள், சுட்ட கறியின் வாசம். வாசலில் அவர். திட்டுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"உள்ள வா கொழுந்தியா. எல்லாரும் வாங்க. பேரு என்னவா இருந்தா என்ன, பிள்ள நம்ம பிள்ளதானே. கறி ஆறிடும்."

என் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போஸ்தோலிஸ் வீடு அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஸ்ட்ராத்தியும் வந்தான். சம்பந்தி வீட்டில் ஒன்றும் சமைத்திருக்கவில்லை. ரொட்டியும் உப்பு மத்தி மீனும் தின்றோம். யாரும் பாடவில்லை.

மறுநாள் காலையில் அவர் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தார். கைக்கொன்றாக இரண்டிரண்டு, பதினைந்து நடை, எல்லாம் என் ஜன்னலைத் தாண்டித்தான். எண்பதை நெருங்கிய மனுஷர். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடைசி நடையில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். ஜன்னலைத் திறந்தேன்.

"மச்சான், தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஊத்து தெருமுனையில இருக்கு கொழுந்தியா" என்றார். இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போனார்.