புதுக் கம்பிக்குப் பழைய துரு

படகிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "அப்படியே இருக்கு பாருங்களேன்! ஒரு துரும்புகூட அசையலை!" வருஷா வருஷம் அதே ஆட்கள், அதே பேச்சு, கண்ணோரத்தில் அதே ஈரம். துறையில் பெயின்ட் டப்பாவும் கையுமாக நிற்கும் பெயின்டரம்மாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். துரும்பு அசையவில்லையாமே! அசைந்த துரும்பையெல்லாம் இழுத்து வந்து பழைய இடத்தில் கட்டிப் போட்டது யாராம்? இவர்கள் அப்பன் வீட்டு ஆளா?

அந்தத் தீவில் அதுதான் அவளுக்குப் பிழைப்பு. மழைக்காலம் முடிந்து முதல் படகு வருவதற்குள், துறையிலிருந்து மேட்டுத் தெரு வரை கண்ணில் படுகிற கதவு, ஜன்னல், பெஞ்சு, வேலி எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பாள். அடித்ததோடு விட்டால் தேவலை. அடித்தது தெரியக் கூடாது. நீலத்தில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களில் மரம் தெரியும்படி சுரண்டி, போன வருஷம் எவ்வளவு வெளிறியிருந்ததோ அவ்வளவுக்கே வெளிற வைக்க வேண்டும். ஊர் உலகத்தில் பெயின்டர்கள் பழசைப் புதுசாக்கிச் சாப்பிடுகிறார்கள். இவள் ஒருத்திதான் புதுசைப் பழசாக்கிச் சாப்பிடுகிறாள்.

எல்லாம் சங்கத்தின் உத்தரவு. சங்கம் என்றதும் தீவில் குடியிருப்பவர்களின் சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே கரையோரம் பங்களா வாங்கிப் போட்டுவிட்டு, சீசனுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறவர்களின் சங்கம். துறையில் கோணலாகச் சாய்ந்து நின்ற மரம் புயலில் விழுந்தபோது, அதே கோணலில் இன்னொரு மரத்தைத் தேடிப் பிடுங்கி வந்து நட்டார்கள். மளிகைக்கடைக்காரர் ஆசைப்பட்டு மாட்டிய புதுப் பலகையைக் கழற்றச் சொல்லி, பழையதையே மாட்ட வைத்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் சோப்பு இப்போது உலகத்திலேயே கிடையாது. இன்றைக்கும் யாராவது வந்து அதைக் கேட்பார்கள், இன்றைக்கும் மனிதர் எரிந்து விழுவார்.

இந்தக் கூத்தையெல்லாம் அவள் தலையில் அடித்துக்கொண்டாலும் சிரித்தபடிதான் செய்துவந்தாள், படிக்கட்டில் அவள் புருஷன் விழுகிற வரைக்கும்.

துறையிலிருந்து மேட்டுத் தெருவுக்கு ஏறும் கல் படிக்கட்டு இருக்கிறதே, அதுதான் தீவுக்கு முகம். வருகிறவர்கள் அத்தனை பேரின் போட்டோவிலும் அது இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பிடித்துக்கொள்ள ஒரு குச்சி கிடையாது. அவள் புருஷன் படகுக்காரர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தப் படியில் ஏறி இறங்கியவர், போன மழையில் பாசி வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போனது. ஆபரேஷன் முடிந்து, கோலூன்றிச் சமதரையில் நடக்கிறார். ஆனால் வீடு மேட்டுத் தெருவில், படகு கீழே. படகைக் கொழுந்தன் ஓட்டுகிறான். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை முறைத்துக்கொண்டே பொழுதைக் கழித்தார். முகச்சவரத்தை நிறுத்தினார். பிறகு பேச்சும் குறைந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே என்னை நாலு பேரு தூக்கித்தான் கீழ இறக்குவீங்க போல."

"வாயைக் கழுவுங்க!" என்று கத்தினாள் அவள். கத்தின கையோடு, சீசன் ஏற்பாட்டைப் பார்வையிட அன்று வந்திருந்த சங்கச் செயலாளரைத் தேடிப் போனாள்.

"சார், படிக்கட்டுல ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி வச்சாப் போதும். எங்க அண்ணனுக்கு வெல்டிங் வேலைதான். சங்கம் கைய அசைக்க வேண்டாம். சரின்னு மட்டும் சொல்லுங்க."

செயலாளர் சிரித்தார். "ஏம்மா, நீயே இப்படிக் கேட்டா எப்படி? ஜனங்க எதுக்கு இங்க திரும்பத் திரும்ப வராங்க? அந்தப் படியைப் பாத்ததும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குங்கறாங்க. அதுல போய்க் கம்பியை நட்டா நல்லாவா இருக்கும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு அது நிஜமாவே சொந்த வீட்டுப் படி சார். அவரால இறங்க முடியலையே."

"அதுக்குத் தீவை மாத்த முடியுமா? கீழயே ஒரு வீடு பாத்துக்கோங்க."

கீழே வீடா! கீழே இருப்பதெல்லாம் இவர்கள் பங்களா; வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிறது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு நடந்தாள். அந்த எரிச்சலோடு அண்ணன் பட்டறையில் போய் நின்றாள்.

விஷயத்தைக் கேட்ட அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போடறது பெரிசில்ல தங்கச்சி. அந்த ஆளு பாத்தா மறுநாளே அறுத்துப் போட்டுடுவாரு."

"புதுசுன்னு தெரிஞ்சாத்தானே அறுப்பாரு?"

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கம்பி எடுக்க உள்ளே போனார்.

செயலாளர் அக்கரைக்குப் போன பிறகு வேலை நடந்தது. அண்ணனும் கொழுந்தனும் கல்லைத் துளைத்துக் கால் நட்டு, சிமென்ட் வைத்து, கம்பியை இணைத்தார்கள். மேட்டுத் தெருவே வேடிக்கை பார்த்தது, மேட்டுத் தெருவே வாயை மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் வேலை. உப்புத் தண்ணீரும் வினிகரும் ஊற்றி இரும்பைத் துருப்பிடிக்க வைத்தாள். துருவின் மேல் வெளிறிய நீலம். அது காய்ந்ததும் சுரண்டல். சிமென்ட்டின் மேல் சேற்றையும் பாசியையும் அப்பினாள். ஏறும்போது கை அழுந்துகிற இடங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். இதுவரை ஒரு கை படாத கம்பி, ஆயிரம் கை பட்டுத் தேய்ந்ததுபோல் ஆனது. தேய்க்கத் தேய்க்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு மனிதன் விழாமல் நடக்க ஒரு கம்பி. அதைக்கூடக் கிழடு தட்ட வைத்துத்தான் கொடுக்கணுமா? நாசமாய்ப் போகிறவர்கள்!

"இறங்கிப் பாக்கறீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"முதல் படகு வர்ற அன்னிக்கு இறங்கறேன். என் படகு கரைக்கு வர்றப்போ துறையில நான் நிக்கணும்" என்றார். படகு வரும் நாள் காலையில் சவரம் செய்துகொண்டார்.

முதல் படகு வந்தது. கொழுந்தன் கயிற்றை வீச, வழக்கமான கூட்டம் இறங்கியது. "அப்படியே இருக்கு!" என்று தொடங்கினார்கள். கூட்டத்தோடு இறங்கிய செயலாளரின் கண் நேராகப் படிக்கட்டுக்குப் போனது. முகம் சிவந்தது. "ஏம்மா, இது என்ன..." என்று அவள் பக்கம் திரும்பினார்.

அதற்குள் பெரிய பங்களாக்கார அம்மா முன்னால் போய்க் கம்பியில் கையை வைத்துவிட்டாள்.

"அடடா! இந்தக் கைப்பிடி இன்னுமா இருக்கு! கல்யாணமாகி முதல் தடவை வந்தப்போ இதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே ஏறினேன். கையெல்லாம் துரு ஒட்டிக்கிட்டு, அவர் ஒரே கேலி!" சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. பின்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "எங்க பசங்க இதுலதான் சறுக்கி விளையாடுவாங்க" என்றார் ஒருவர். "ஃபோட்டோகூட இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

செயலாளர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஆமாங்கம்மா. சங்கம் இதுல யாரையும் கையே வைக்க விடலை."

அடப்பாவி மனுஷா! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, டப்பாவைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கவும் தோன்றியது. அந்த நேரத்தில்தான் மேலே அவள் புருஷன் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் கோல், மறு கையில் கம்பி. ஒவ்வொரு படியாக, நின்று நின்று இறங்கினார். அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றார்.

பங்களா அம்மா வெயிலுக்கு நெற்றியில் கைவைத்து அவரைப் பார்த்தாள்.

"யாரு இது? புதுசா இருக்கே. வேற ஊர்லேருந்து வந்த ஆளா?"

அந்த அம்மாவைக் கல்யாணப் பெண்ணாகப் படகில் ஏற்றி வந்தவர் அவர். அவள் பெட்டிகளை வருஷா வருஷம் பங்களா வரை தோளில் சுமந்தவர். அவள் பிள்ளைக்கு ஜுரம் கண்டு கண் சொருகியபோது, பெரிய அலையில் அக்கரை கொண்டு சேர்த்தவர். நேற்று முளைத்த கம்பியைத் தெரிகிறது, இந்த முகம் தெரியவில்லையா உனக்கு? பெயின்டரம்மாவின் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, கம்பியின் வயசை மட்டும் சொன்னால் போதும், அந்த அம்மா மூஞ்சியை எங்கே கொண்டு வைத்துக்கொள்வாள்! ஆனால் செயலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அவள் புருஷனும் அவளைப் பார்த்தார். கம்பியைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆமாங்கம்மா. புதுசு."

"அதானே பாத்தேன்" என்றாள் பங்களா அம்மா. பிறகு மேலே பார்த்து, அக்கறையாகக் குரல் கொடுத்தாள். "பாத்து இறங்குப்பா. புது ஆளுக்கு இந்தப் படி வழுக்கும். அந்தப் பழைய கம்பியை நல்லாப் பிடிச்சுக்கோ."

"சரிங்கம்மா" என்றார் அவர். பிடித்துக்கொண்டு இறங்கினார்.